சக்கரத்துக்கு மூன்று நட்டு

வீரசோழன் சந்தை கலைகிற நேரம். வேப்பமரத்தடியில் ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்கதவு வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. உள்ளே ஒரு மூட்டை புண்ணாக்கு, இரண்டு பிளாஸ்டிக் குடம், ஒரு வெள்ளாட்டுக் குட்டி. குட்டி தலையை நீட்டி நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கத்தியது.

காரின் சொந்தக்காரர் ஐம்பது வயதைத் தாண்டிய வியாபாரி. "முப்பது வருஷம் டிவிஎஸ் 50-லேயே அலைஞ்சேன் தம்பி. மழைன்னா நனையணும், வெயில்னா காயணும். நம்ம பக்கம் மழை எங்கே பெய்யுது? காயறதுதான்!" என்று சிரித்தார். "இப்ப வீட்டுக்காரி, மக, பேரப்பிள்ளை எல்லாரும் ஒண்ணா மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுறோம்."

பிறகு குனிந்து சக்கரத்தைக் காட்டினார். "எண்ணிப் பாருங்க. மூணு நட்டுதான். மத்த காருக்கு நாலு இருக்கும், அஞ்சு இருக்கும். பிரெஞ்சுக்காரன் கணக்குப் பார்த்துல்ல செஞ்சிருக்கான்!"

எண்ணிப் பார்த்தோம். மூன்றுதான்.

அந்த வண்டியின் பெயர் ரெனால்ட் க்விட். 2016-ஆம் வருஷத்து வண்டி. பாய் அதை மதுரையில் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். பெயர் பிரெஞ்சுப் பெயர். ஆனால் அந்த வண்டி உருவானது பிரான்சில் அல்ல, சென்னையில். அதைத் தயாரித்தது காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில். சக்கரத்தில் ஒரு நட்டைக் குறைத்தது எப்படி என்று கேட்டால், சின்னக் கார் ஒன்று பிறந்த கதை முழுவதும் வெளியே வருகிறது. குறைக்கக் கூடாத ஒன்றையும் சேர்த்துக் குறைத்த கதையும் அதற்குள் இருக்கிறது.

முட்டைக் கூடையும் பின்கதவும்

ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் கார் செய்ய வேண்டும் என்ற யோசனை ஐரோப்பாவில் பழையது. பிரான்சில் சிட்ரோன் கம்பெனியின் தலைவராக இருந்த புலாஞ்சே, இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தம் நிபுணர்களைக் கூப்பிட்டு ஒரு உத்தரவு போட்டார். இரண்டு விவசாயிகள் ஏற வேண்டும். ஐம்பது கிலோ உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும். உழுத வயலில் ஓட்டினாலும் கூடையில் உள்ள முட்டை உடையக் கூடாது. அதற்குத் தகுந்த மாதிரி வண்டி செய்யுங்கள் என்றார். போர் வந்ததால் வேலை தடைப்பட்டது. 1948-இல்தான் வண்டி வெளியே வந்தது. பார்க்க அழகாக இராது. தகரக் கொட்டகைக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். ஆனால் விவசாயிகள் அதைக் கொண்டாடினார்கள்.

அதற்குப் போட்டியாக ரெனால்ட் கம்பெனி 1961-இல் 'ரெனால்ட் 4' என்ற காரை இறக்கியது. அதில் ஒரு புதுமை. டிக்கி என்று தனியாகப் பெட்டி வைக்காமல், பின்பக்கம் முழுவதையும் ஒரு கதவாக்கி மேல்நோக்கித் திறக்கும்படி செய்தார்கள். பின் சீட்டை மடித்தால் மூட்டை ஏற்றலாம். ஞாயிற்றுக்கிழமை சீட்டை நிமிர்த்திவிட்டுக் குடும்பத்தோடு கோவிலுக்குப் போகலாம். 1992 வரை எண்பது லட்சத்துக்கும் மேல் அந்த வண்டி உற்பத்தியானது. இன்று 'ஹேட்ச்பேக்' என்று நாம் சொல்லும் கார் ஜாதி அப்படித்தான் பெருகியது. வீரசோழனில் ஆட்டுக்குட்டி எட்டிப் பார்த்த கதவும் அதே கதவுதான்.

ஒரு வேடிக்கை. அந்த இரண்டு பழைய பிரெஞ்சுக் கார்களுக்கும் சக்கரத்துக்கு மூன்று பூட்டுதான். க்விட்டின் மூன்று நட்டு, தாத்தா வீட்டுச் சீதனம்!

சென்னை கண்ட கார்கள்

சென்னைக்கு இங்கிலீஷ்காரன் கார் புதிதல்ல. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் சென்னையில் ஹெரால்டு கார் செய்தது. உங்கள் தாத்தாவைக் கேட்டால் ஹெரால்டு வண்டியைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். அது இத்தாலியர் ஒருவர் உருவம் வரைந்து, இங்கிலாந்து நிபுணர்கள் அமைத்த வண்டி. நம்மவர்கள் அதை இங்கே பூட்டினார்கள். பிற்பாடு நான்கு கதவு வைத்தார்கள். அங்கே வரைவது, இங்கே பூட்டுவது. வெகுகாலம் அதுதான் வழக்கம். 1980-களின் கடைசியில் அந்தக் கம்பெனி கார் செய்வதை நிறுத்திவிட்டது. 1998-இல் கொரியாக்காரர்கள் இருங்காட்டுக்கோட்டையில் சாண்ட்ரோவைத் தொடங்கிய பிறகுதான் சென்னைச் சுற்றுவட்டாரம் மறுபடி கார் நகரமாயிற்று.

ரெனால்ட்காரர்கள் இந்தியாவுக்கு வந்த முதல் தடவை கையைச் சுட்டுக்கொண்டார்கள். அவர்கள் ருமேனியா நாட்டில் 2004-இல் 'லோகன்' என்ற மலிவுக் கார் செய்து பெரிய வெற்றி கண்டிருந்தார்கள். ஐயாயிரம் யூரோவுக்குக் கார் என்பது அதன் தாரக மந்திரம். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் ஜெரார்டு டெடூர்பே என்ற பிரெஞ்சுக்காரர். அதே லோகனை 2007-இல் மகிந்திரா கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து நாசிக்கில் செய்தார்கள். இங்கே ஓடவில்லை. காரணங்கள் பல. ஒன்று நம் வரிச் சட்டம். நான்கு மீட்டருக்குள் இருக்கும் சின்னக் காருக்கு வரி குறைவு. லோகன் அந்த அளவைத் தாண்டிய வண்டி. ஓர் ஊரில் மலிவானது இன்னோர் ஊரில் மலிவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 2010-இல் கூட்டு முறிந்தது.

அதே வருஷம் ஒரகடத்தில் ரெனால்ட்டும் ஜப்பானின் நிசானும் சேர்ந்து கட்டிய தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. அங்கிருந்து 2012-இல் வந்த டஸ்டர் கார் நன்றாக விற்றது. ஆனால் அது வசதி உள்ளவர்களின் வண்டி. லட்சக்கணக்கில் விற்கும் மாருதி ஆல்டோவுக்கு எதிரே நிறுத்த ஒரு வண்டி வேண்டும் என்று கம்பெனித் தலைவர் கார்லோஸ் கோன் நினைத்தார். டெடூர்பேயைக் கூப்பிட்டார். அவர் பாரிசில் உட்கார்ந்து வரையவில்லை. பெட்டி படுக்கையோடு சென்னைக்கு வந்துவிட்டார். ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளைகளோடு இருக்க வேண்டிய வயது அவருக்கு.

விலை முதலில், வண்டி பிறகு

சாதாரணமாகக் கார் எப்படிச் செய்வார்கள்? முதலில் வண்டியை வரைவார்கள். பிறகு கணக்குப் போடுவார்கள். கூட்டிக் கழித்து ஒரு விலை வரும். டெடூர்பே இதைத் தலைகீழாகச் செய்தார். முதலில் விலையை எழுதினார். அந்த விலையைப் பிரித்து, இஞ்சினுக்கு இவ்வளவு, கதவுக்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு சாமானுக்கும் பங்கு வைத்தார். பங்குக்கு மேல் போனால் அந்தச் சாமான் வண்டியில் ஏறாது. வேறு வழி யோசி என்பார். கல்யாணச் செலவுக்கு வீட்டில் பெரியவர் பணத்தை உறை உறையாகப் பிரித்து வைப்பாரே, அந்த மாதிரி.

பழைய சட்டகத்தை எடுத்து மேலே புதுத் தகரம் மாட்டுவதுதான் சிக்கனம் என்று எல்லோரும் நினைப்பார்கள். இவர் அதற்கும் ஒப்பவில்லை. பழைய சட்டகம் வேறு ஊருக்கு, வேறு விலைக்குச் செய்தது. அதற்குள் வீண் செலவு ஒளிந்திருக்கும் என்றார். சட்டகம் புதிது, இஞ்சின் புதிது, கியர்பெட்டி புதிது என்று மூன்றையும் ஒரே நேரத்தில் எடுத்தார். கார்த் தொழிலில் இது அபாயமான காரியம். எந்தக் கம்பெனியும் மூன்றில் ஒன்றையாவது பழையதாக வைத்துக்கொள்ளும். இவருடைய நம்பிக்கை, பக்கத்திலேயே இருக்கும் ஆட்கள். பிரெஞ்சு, ஜப்பான் நிபுணர்கள் சிலர். நம் ஊர்க் கல்லூரிகளில் படித்துவிட்டு வந்த என்ஜினீயர்கள் பலர். சாமான் செய்து தரும் பட்டறைகளும் பெரும்பாலும் இந்தியப் பட்டறைகளே. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு சாமான் இந்தியாவிலேயே வாங்குகிறோம் என்று கம்பெனி பெருமையோடு சொன்னது. இந்த வேலை எப்படி நடந்தது என்று பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் மூன்று பேர் 2017-இல் ஒரு தனிப் புத்தகமே எழுதினார்கள்.

குறைத்த இடங்களைப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம் தெரியும். சக்கரத்துக்கு மூன்று நட்டு. முன்கண்ணாடிக்கு இரண்டு வைப்பருக்குப் பதில் ஒன்று. கண்ணாடி இறக்கும் மின்சாரப் பொத்தானைக் கதவில் வைத்தால் கதவுக்குக் கதவு ஒயர் இழுக்க வேண்டும். ஆகவே இரண்டு பொத்தானையும் நடுவில், ஓட்டுநருக்கு முன்னால் வைத்தார்கள். இஞ்சின் 799 சி.சி., மூன்று சிலிண்டர். வண்டியின் எடை 660 கிலோதான். எடை குறைந்ததால் பெட்ரோல் குறைந்தது. லிட்டருக்கு 25.17 கிலோமீட்டர் என்று அரசாங்க அங்கீகாரம் பெற்ற சோதனையில் வந்தது. நம் ரோட்டில் அத்தனை வராது என்பது ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

கூட்டிய இடங்களும் உண்டு. தரையிலிருந்து வண்டியின் அடிவயிறு 180 மில்லிமீட்டர் உயரம். கண்மாய்க் கரை, செம்மண் பாதை, வேகத்தடை என்று எதில் ஏறினாலும் தட்டாது. பின்னால் 300 லிட்டர் இடம். பெரிய ஜீப்பின் முகச்சாயல். உயர்ந்த வகை வண்டியில், அந்த விலைக் கார்களில் அதுவரை யாரும் வைக்காத ஏழு அங்குலத் தொடுதிரை. "மலிவு வண்டி" என்ற பெயர் வந்துவிட்டால் நம் ஜனங்கள் வாங்க மாட்டார்கள் என்பதை அவர்கள் டாட்டா நானோவைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார்கள். லட்ச ரூபாய் கார் என்று 2009-இல் அது விற்பனைக்கு வந்தது. அந்தப் பெயரே அதற்கு எமனாயிற்று. பெண் பார்க்கப் போகிறவன் அதில் ஏறிப் போகக் கூச்சப்பட்டான்.

2014 பிப்ரவரியில் டெல்லிக் கண்காட்சியில் க்விட்டின் மாதிரி உருவத்தைக் காட்டினார்கள். கூரையிலிருந்து ஒரு குட்டி டிரோன் பறந்து போய், முன்னால் ரோடு எப்படி இருக்கிறது என்று பார்த்துவரும் என்றார்கள். கடைக்கு வந்த வண்டியில் டிரோனும் இல்லை, இரண்டாவது வைப்பரும் இல்லை! 2015 மே மாதம் சென்னையில் கோன் வண்டியை வெளியிட்டார். செப்டம்பரில் விற்பனை தொடங்கியது. ஆரம்ப விலை டெல்லியில் 2 லட்சத்து 57 ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு பதிவு செய்தார்கள்.

இது வரையில் டெடூர்பேயைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஒரு நட்டைக் குறைத்து ஒரு குடும்பத்தைக் காரில் ஏற்றியவர் அவர். 2019 டிசம்பரில் அவர் காலமானார்.

சுவரில் மோதிய வண்டி

2016 மே மாதம். லண்டனில் உள்ள குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்கும் ஐந்து வண்டிகளை மோதவிட்டுப் பார்த்தது. சோதனை எப்படி என்றால், மனித உருவப் பொம்மைகளை உள்ளே உட்கார்த்தி, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியைத் தடுப்பின்மீது மோதவிடுவார்கள். வண்டியின் முழு முகமும் மோதாது. ஓட்டுநர் பக்கத்து ஒரு பாகம் மட்டும் மோதும். எதிரே வரும் வண்டி ஒதுங்கப் பார்த்து, ஒதுங்க முடியாமல் மோதுகிறதே, அந்த மாதிரி. பொம்மையின் தலையிலும் நெஞ்சிலும் காலிலும் கருவிகள் இருக்கும். எந்த எலும்பு தாங்கும், எது தாங்காது என்று அவை சொல்லிவிடும். ஐந்து நட்சத்திரம் வரை மார்க் போடுவார்கள்.

அன்று ஐந்து வண்டிகளும் வாங்கியது பூஜ்யம். க்விட் அவற்றில் ஒன்று. அதிலே ஒரு வகையில் காற்றுப்பை வைத்தும் பார்த்தார்கள். அதுவும் பூஜ்யம்தான். காரணம் பை அல்ல, கூண்டு.

கூண்டு என்றால் என்ன? மோதும்போது காரின் மூக்கு நசுங்க வேண்டும். அது நல்லது. அடியின் வேகத்தை மூக்கு வாங்கிக்கொள்ளும். ஆனால் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் பகுதி நசுங்கக் கூடாது. அது இரும்புப் பெட்டி மாதிரி நிற்க வேண்டும். அதற்குள்தான் காற்றுப்பையும் பெல்ட்டும் வேலை செய்ய முடியும். கூண்டு கோணிவிட்டால் ஸ்டியரிங்கே நெஞ்சை நோக்கி வந்துவிடும். பிறகு பை இருந்து என்ன, இல்லாமல் என்ன? க்விட்டின் கூண்டு நிலைகொள்ளவில்லை என்று சோதித்தவர்கள் சொன்னார்கள்.

கம்பெனி சட்டத்தை மீறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றைய இந்தியச் சட்டம் இப்படி மோதிப் பார் என்று கேட்கவே இல்லை. கேட்காததைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். விற்பனைக்கு வந்தபோது ஓட்டுநருக்குக் காற்றுப்பை, எல்லாவற்றிலும் உயர்ந்த வகையில் மட்டும், தனிக் காசுக்குக் கிடைத்தது. அந்த வகையில் தொடுதிரை கூடவே வந்தது. பைக்கு மட்டும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதுவும் பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவு.

இங்கேதான் நமக்குக் கோபம் வருகிறது. சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. நான்காவது நட்டு இல்லாவிட்டால் சக்கரம் கழன்றுவிடாது. கணக்குப் பார்த்துத்தான் எடுத்தார்கள். ஒரு வைப்பர் போதும். நம் பக்கத்தில் அதற்கே வேலை கிடையாது. இதெல்லாம் சிக்கனம். நெஞ்சுக்கு முன்னால் இருக்கும் இரும்பில் குறைத்ததை அதே கணக்கில் சேர்க்க முடியாது.

"அந்த விலைக்கு அவ்வளவுதான் முடியும்" என்று சிலர் சொன்னார்கள். முடியும் என்று அதே கம்பெனி காட்டியது. நாலே மாதத்தில், 2016 செப்டம்பரில், உடலைக் கொஞ்சம் பலப்படுத்தி, ஓட்டுநருக்குப் பை வைத்துக் கொண்டுவந்தார்கள். ஒரு நட்சத்திரம் கிடைத்தது. மறு வருஷம், 2017-இல், பிரேசில் நாட்டில் க்விட் செய்யத் தொடங்கினார்கள். அதே பெயர், அதே முகம், அதே மூன்று நட்டு. ஆனால் உடலில் பலம் கூட்டினார்கள். எல்லா வண்டியிலும் நான்கு காற்றுப்பைகள். லத்தீன் அமெரிக்காவின் சோதனையில் மூன்று நட்சத்திரம் கிடைத்தது.

சென்னையில் வரைந்த வண்டி பிரேசில்காரனுக்கு ஒரு மாதிரி, அருப்புக்கோட்டைக்காரனுக்கு ஒரு மாதிரி! எலும்பு இரண்டு பேருக்கும் ஒரே எலும்புதான். அங்கே சட்டம் இரண்டு முன்பைகளைக் கட்டாயம் ஆக்கியிருந்தது. வாங்குகிறவர்களும் நட்சத்திரம் எத்தனை என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். நாம் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டோம்.

அந்த வண்டியின் வம்சம் அதோடு நிற்கவில்லை. இஞ்சினை எடுத்துவிட்டு பேட்டரி வைத்து 2019-இல் சீனாவில் ஒரு மின்சாரக் கார் வந்தது. அது 2021 முதல் 'டாசியா ஸ்பிரிங்' என்ற பெயரில் ஐரோப்பாவுக்குப் போனது. சென்னையில் தொடங்கிய வண்டி பாரிஸ் வீதியில் ஓடுகிறது என்று நாம் மார்தட்டலாம். அந்த வருஷமே ஐரோப்பியச் சோதனையில் அதற்கும் கிடைத்தது ஒரே நட்சத்திரம். மார்பைக் கொஞ்சம் மெதுவாகத் தட்டிக்கொள்ளலாம்.

"டூவீலரைவிட மேல்தானே?"

இப்படி எழுதினால் உடனே ஒரு பதில் வரும். "மோட்டார் சைக்கிளில் புருஷன், பெண்டாட்டி, இரண்டு குழந்தை என்று நாலு பேர் போகிறார்களே, அதைவிட இந்தக் கார் மேல் இல்லையா?" நியாயமான கேள்வி. இப்படி ஒரு குடும்பம் மழையில் ஸ்கூட்டரில் போனதைப் பார்த்துத்தான் ரத்தன் டாட்டாவுக்கு நானோ யோசனையே வந்தது. காரில் சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, பெல்ட் இருக்கிறது. டூவீலரைவிட மேல் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. வீரசோழன் பாய் தம் குடும்பத்தைக் காரில் ஏற்றியது சரியான காரியம்.

ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். வீரசோழனிலிருந்து கிளம்பும்போது ரோடு குறுகல். இரண்டு பக்கமும் கருவேல மரம். எதிரே டிராக்டர் வரும், ஆட்டு மந்தை வரும். வண்டி நாற்பதைத் தாண்டாது. அருப்புக்கோட்டை வந்து மதுரை தூத்துக்குடி நாலு வழிச் சாலையில் ஏறியதும் கதை மாறுகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் காற்றுச் சத்தம் இல்லை. பாட்டு ஓடுகிறது. பேரப்பிள்ளை முன் சீட்டில் மடியில் இருக்கிறான். மீட்டரில் எண் எழுபது, எண்பது, தொண்ணூறு என்று தன்னால் ஏறுகிறது. டிவிஎஸ் 50-இல் ஐம்பது போனாலே பல்லைக் கடித்துக்கொண்டு போன மனிதர், காரில் தொண்ணூறு போவது தெரியாமல் போகிறார்.

வேகம் கூடினால் அடி எப்படிக் கூடும் என்று ஒரு சின்னக் கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் பலம் நாலு மடங்கு. சோதனை நடந்தது 64-இல். தொண்ணூறில் மோதினால் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அடி. 64-க்கே கோணிய கூண்டு அது.

பழைய வண்டி, புதிய சட்டம்

சட்டம் பிறகு விழித்துக்கொண்டது. மோதல் சோதனையில் தேறினால்தான் விற்கலாம் என்ற விதி, புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும் எல்லா மாடல்களுக்கும் 2019 அக்டோபரிலும் வந்தது. அதிலும் வேகம் 56-தான். 2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்கம் காற்றுப்பை கட்டாயம். 2021 கடைசிக்குள் பக்கத்து சீட்டுக்கும் கட்டாயம் ஆயிற்று. நம் அரசாங்கமே நட்சத்திரம் போடும் 'பாரத் என்கேப்' திட்டம் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நல்ல காரியங்கள். மூன்று நட்டு வண்டியை உருவாக்க எடுத்துக்கொண்ட காலத்தைவிட, அந்த வண்டிக்கு ஒரு பை கட்டாயமாவதற்குக் கூடுதல் காலம் ஆகவில்லை என்று வேண்டுமானால் சமாதானம் செய்துகொள்ளலாம்.

இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. பாரத் என்கேப் சோதனை கட்டாயம் இல்லை. விருப்பம் உள்ள கம்பெனி வண்டியை அனுப்பலாம். இல்லாவிட்டால் சும்மா இருக்கலாம். நல்ல மார்க் வாங்கும் பிள்ளை மட்டும் பரீட்சை எழுதலாம் என்ற பள்ளிக்கூடம் எங்காவது உண்டா? எல்லாக் காரையும் சோதிக்க வேண்டும். பூஜ்யம் வாங்கினால் பூஜ்யம் என்று கண்ணாடியில் ஒட்ட வேண்டும்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. புதிய சட்டம் புதிய வண்டிக்குத்தான். 2015-லிருந்து 2019 வரை விற்ற சின்னக் கார்கள் எங்கே போயின? க்விட் மட்டும் அல்ல. அன்று பூஜ்யம் வாங்கிய மற்ற வண்டிகளும் சேர்த்துத்தான். பட்டணத்தில் முதலில் வாங்கியவர்கள் இப்போது பெரிய காருக்குப் போய்விட்டார்கள். அந்தப் பழைய வண்டிகள் கைமாறி நம் பக்கம் வருகின்றன. நரிக்குடி, திருச்சுழி, காரியாபட்டி வழியாக நாம் போனபோது, வீட்டு வாசலில் நின்ற பழைய சின்னக் கார்கள் எத்தனையோ. முதல் முறையாகக் கார் வாங்கும் குடும்பம், பட்டணம் கழித்த வண்டியைத்தான் வாங்குகிறது. அந்தக் குடும்பத்திடம் யாரும் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை கைமாறியது, டயர் எப்படி, ஏ.சி. குளிர்கிறதா என்று எல்லாம் பேசுகிறார்கள். பழைய கார் விற்கிற கடைக்காரர், விலைச் சீட்டில் வருஷத்தையும் கிலோமீட்டரையும் எழுதுகிறாரே, அதோடு காற்றுப்பை எத்தனை, நட்சத்திரம் எத்தனை என்றும் எழுத வேண்டும் என்று அரசாங்கம் ஒரு வரி உத்தரவு போட்டால் போதும். பத்துப் பைசா செலவு இல்லை.

உத்தரவு வரும் வரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பார்ப்பது சுலபம். ஸ்டியரிங்கின் நடுவில் 'ஏர்பேக்' என்றோ 'எஸ்.ஆர்.எஸ்.' என்றோ இங்கிலீஷ் எழுத்து பதித்திருக்கும். இல்லையென்றால் பை இல்லை. எழுத்து இருந்தால் மட்டும் போதாது. சாவியைத் திருப்பியதும் மீட்டருக்குள் மனிதனும் உருண்டையும் போல ஒரு சின்ன விளக்கு எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை, அல்லது அணையவே இல்லை என்றால் விபத்தில் வெடித்த பையை மாற்றாமல் மூடி வைத்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பெல்ட் போடாதவருக்குப் பையால் பெரிய பிரயோஜனம் இல்லை, கெடுதலும் வரலாம். முன் சீட்டில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு போவதைப் போல ஆபத்து வேறு இல்லை. பை இருக்கிற வண்டியில் அந்தப் பையே குழந்தையை அடிக்கும். பிள்ளைகளைப் பின்னால் உட்கார வையுங்கள். பின்னாலும் பெல்ட் உண்டு. பெரும்பாலான வீடுகளில் அது சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது, தோண்டி எடுங்கள். பையே இல்லாத பழைய வண்டி என்றால், நாலு வழிச் சாலையிலும் அறுபதைத் தாண்டாமல் இடது ஓரமாகப் போங்கள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

இதையெல்லாம் அந்த வேப்பமரத்தடியில் பாயிடம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் முன்கதவைத் திறந்தார். குனிந்து ஸ்டியரிங்கின் நடுவில் விரலால் தடவிப் பார்த்தார். கம்பெனியின் வைரக்கல் அடையாளம் இருந்தது. அதற்குக் கீழே வழுவழுப்பாக இருந்தது. எழுத்து எதுவும் இல்லை.

"மதுரையில வித்தவன் பாட்டுப் பெட்டியப் போட்டுக் காட்டினான் தம்பி" என்றார். "நல்லாத்தான் பாடுச்சு."

பிறகு பின் சீட்டைத் தூக்கி, அடியில் கையை விட்டுத் துழாவினார். பெல்ட் வந்தது. அதில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, பேரன் உட்காரும் பக்கமாக எடுத்துப் போட்டார். பின்கதவை இரண்டு தடவை அடித்துச் சாத்தினார். ஆட்டுக்குட்டி மறுபடியும் கத்தியது. வண்டி மெதுவாகக் கண்மாய்க் கரைப் பக்கம் திரும்பியது.